வெடுக்குப் போகாத இறைச்சி

1977 தை 6, வியாழன்

காணியின் கீழ்த்துண்டைப் பன்றிகள் முடித்துவிட்டன. விடிய எழும்பிப் போய்ப் பார்த்தால் யாரோ ஏர் பூட்டி உழுத மாதிரிக் கிடக்கிறது. கச்சான் செடிகள் வேரோடு கவிழ்ந்து, முற்றாத கடலைப் பிஞ்சுகள் சப்பித் துப்பிய சக்கையாய்ப் பரந்திருந்தன. இவர் குனிந்து ஒரு பிஞ்சை எடுத்து உடைத்தார். உள்ளே பாலாக இருந்தது. வாயில் போட்டார், துப்பினார்.

படித்த வாலிபர் திட்டத்தில் இந்தக் கருங்காலிமடுவில் காணி கிடைத்து வந்த பிறகு இது இரண்டாவது போகம். முதல் போகத்தை மழை கொண்டுபோனது. "தில்லைநாதன் காட்டுக்கை போய்க் கமம் செய்யிறானாம்" என்று யாழ்ப்பாணத்தில் தமையன்மார் சிரித்தது இவருடைய காதை விட்டு இன்னும் போகவில்லை. துவக்கு அனுமதிக்கு எழுதிப் போட்டதற்குப் பதிலும் இல்லை.

பின்னேரம் முழுக்கப் பழைய தண்ணீர்க் குழாய் ஒன்றை வாளால் அறுத்துக்கொண்டிருந்தார். என்னத்துக்கு என்று கேட்டேன்.

"கிணத்தடிக்கு."

தை 7, வெள்ளி

பழைய சைக்கிளின் பின் சில்லு கழன்று முற்றத்தில் கிடக்கிறது. எண்ணெய் போடப் போகிறாராம். எனக்கு ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. இரண்டு தரம் முற்றம் கூட்டினேன். இரண்டாவது தரம் கூட்ட ஒன்றும் இருக்கவில்லை.

தை 9, ஞாயிறு

விடிந்து கொஞ்ச நேரத்தில் காட்டுப் பக்கமிருந்து ஓடி வந்தார். "யோகம், பண்டி விழுந்திட்டுது!" கலியாணம் முடித்த புதிதில் பார்த்த சிரிப்பு அது. கூட்டாளி ஒருவரின் துவக்கால் சுட்டதாம். எந்தக் கூட்டாளி என்று கேட்டதற்கு, "உமக்குத் தெரியாது" என்றார்.

கூட்டத்தை விட்டுத் திரியும் பெரிய தனியன். வயிறு ஊதிப்போய், ஈ மொய்த்துக் கிடந்தது. முன்காலுக்கு மேலே சதை கிழிந்திருந்தது.

எங்கள் வீட்டில் ஆட்டிறைச்சி சமைத்துப் பழகினவள் நான். காட்டிறைச்சியை இன்றுதான் கையால் தொட்டேன். வாளி வாளியாகத் தண்ணீர் அள்ளி, இறைச்சி வெளிறும் வரைக்கும் கழுவினேன். ஆட்டுக்குப் போடுவதைப்போல இரண்டு மடங்கு தூள் போட்டேன். கொதிக்கத் தொடங்கியதும் வந்ததே ஒரு வெடுக்கு! கடா ஆட்டின் நாற்றமும் நனைந்த சாக்கின் நாற்றமும் சேர்ந்த மாதிரி. அடுப்படியை விட்டு வெளியே ஓடினேன்.

இவர் கண்ணால் தண்ணீர் வடிய வடிய இரண்டு கோப்பை சாப்பிட்டார். "நல்லாயிருக்கு" என்றார். நான் ஊறுகாயோடு சோறு தின்றேன்.

தை 10, திங்கள்

வேலிக்கு அங்கால் காணி பிலோமினாவுடையது. மன்னார்ப் பக்கத்தவள், என்னைவிட இளையவள், வாய் மூடத் தெரியாதவள். புருஷன் செபமாலை நாய்களும் ஈட்டியுமாகக் காட்டுக்குப் போய் வருகிறவன். நேற்றைய கறியில் ஒரு கிண்ணம் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒரு துண்டை வாயில் வைத்தவள் சப்பாமலே எடுத்து நாய்க்கு எறிந்துவிட்டுச் சிரித்தாள்.

"யோகமக்கா, இதைக் கழுவினீங்களோ?"

"ஆறேழு தரம்."

"அதுதான் விசயம். தண்ணி பட்டா வெடுக்கு உள்ளுக்கை போயிடும். துணியாலை துடைக்கவேணும், கழுவக் கூடாது. வாங்கோ, மிச்சம் எங்கை கிடக்கு?"

மிச்சத்தைப் பலகையில் போட்டு வெட்டத் தொடங்கினாள். மஞ்சள் கொழுப்பையும் சதைமேலே கிடந்த வெள்ளைச் சவ்வையும் ஒட்ட உரித்து எறிந்தாள். நாற்றம் சதையில் இல்லையாம், கொழுப்பில்தானாம். கடுவன் பன்றி என்றால் விழுந்த உடனேயே விதையை அறுத்து எறிய வேண்டுமாம், குடலை எடுக்க வேண்டுமாம். உப்பும் மஞ்சளும் பூசி, புளித்த கள்ளில் ஊற வைத்தாள். பிறகு தேசிக்காய் இலை போட்டு ஒரு கொதி, அந்தத் தண்ணீரை ஊற்றிவிட வேண்டும். அதற்குப் பிறகுதான் மிளகு, உள்ளி, வறுத்த சரக்குத்தூள், கொறுக்காய்ப்புளி எல்லாம். "முதல் கொதிக்கு மூடி போடாதேங்கோ அக்கா. வெடுக்கு வெளியிலை போக வழி விடவேணும்."

வெட்டிக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள். சதையின் நிறத்தைப் பார்த்தாள், முகர்ந்தாள்.

"இது வெடி பட்ட இடத்திலை விழுந்ததில்லை அக்கா. பாருங்கோ, எப்பிடிக் கறுத்திருக்கெண்டு. காயத்தோடை ராமுழுக்க ஓடிக் கிடந்து செத்திருக்கு. பயந்து செத்த பண்டிக்கு என்ன போட்டாலும் இந்தப் புளிப்பு நிக்கும். தில்லையண்ணை கிட்ட நிண்டு சுட்டவரோ?"

"அவருடைய கூட்டாளி" என்றேன்.

தோள் சதைக்குள் கத்தி எதிலோ பட்டது. சின்ன இரும்புக் குண்டு. துடைத்துப் பார்த்தால் மினுங்கியது. பிலோ அப்போது அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். நான் அதைக் குப்பையோடு தள்ளிவிட்டேன்.

தை 14, வெள்ளி

பொங்கல். பால் கிழக்கே வழிந்தது, நல்லதாம். இவர் பொங்கலைப் பாதியில் விட்டு எழும்பிக் காட்டோரம் போய்விட்டு வந்தார். வெறும் கையோடு போனார், வெறும் கையோடு வந்தார்.

தை 16, ஞாயிறு

செபமாலைக்குப் பன்றி கிடைத்தது. எங்களையும் சாப்பிடக் கூப்பிட்டார்கள். போன நேரம் வைக்கோல் கொளுத்தி மயிர் பொசுக்கிக்கொண்டிருந்தான். கழுத்தில் வெட்டி இரத்தம் விட்டிருந்தது. சதை ரோசாப்பூ நிறம். பாதியைக் கீலம் கீலமாக அரிந்து, உப்புப் பூசி, அடுப்புக்கு மேலே பரணில் போட்டாள் பிலோ. புகையில் காய்ந்த வாட்டிறைச்சியை இடித்துத் தேனில் போட்டு வைத்தால் மாரி முழுக்கக் கிடக்குமாம்.

"நாய் பிடிச்சு வைச்சிருக்கும், ஈட்டி நேரை நெஞ்சிலை ஏறும்" என்றான் செபமாலை. "அதுக்குப் பயப்பிட நேரமில்லை. பிறகு ஏன் இறைச்சி நாறுது?"

இவர் நன்றாகச் சாப்பிட்டார். எல்லோரும் சாப்பிட்டார்கள். எனக்குத்தான் கோப்பையைக் கிட்டக் கொண்டுவரவே முடியவில்லை. வெடுக்கு அடிக்கிறது என்றேன். பிலோ சட்டியை முகர்ந்தாள், என் கோப்பையை முகர்ந்தாள், பிறகு என் முகத்தைப் பார்த்தாள்.

"இதிலை ஒரு வெடுக்கும் இல்லை அக்கா. முழுகி எவ்வளவு நாள்?"

கோப்பையைத் தள்ளி வைத்தேன். ஏற்கனவே இரண்டு தரம் அவசரப்பட்டுச் சொல்லி, இரண்டு தரமும் கையில் ஒன்றும் இல்லாமல் ஆஸ்பத்திரியால் வந்தவள். இந்த முறை வாய் திறக்கிறதாக இல்லை. இவருக்கும் சொல்லவில்லை.

வெளிக்கிடும்போது செபமாலை சொன்னான், "தில்லையண்ணை, உங்கட கீழ்த்துண்டுக்குப் பின்னாலை ஒரு தடம் கிடக்கு. நாளைக்கு நாயளை அதாலை விட்டுப் பாக்கப்போறன்."

"அங்காலை போகாதை. ஆனை நிக்குது" என்றார் இவர், உடனே.

"ஆனையோ? ஒரு லத்தியைக்கூடக் காணேல்லையே."

"நான் கண்டனான். போகாதை."

வரும் வழியில் எந்த நாள் ஆனையைக் கண்டீர்கள் என்று கேட்டேன். விறுக்கென்று எட்டி நடந்தார்.

தை 18, செவ்வாய்

துவக்கு இல்லாமல் போகிறார், துவக்கு இல்லாமல் வருகிறார். அந்தக் கூட்டாளி எந்தப் பக்கத்தால் வருகிறான்? கிணற்றடியில் அறுத்த குழாயைக் காணவில்லை. கொடியில் காய்ந்த உடுப்பை எடுத்து மடித்து, திரும்ப விரித்து, திரும்ப மடித்தேன்.

தை 20, வியாழன்

இன்னொரு பன்றி, குட்டி. இந்த முறை எல்லாம் நானே செய்தேன். துடைத்தேன், சவ்வு உரித்தேன், கள்ளில் ஊற வைத்தேன், முதல் தண்ணீரை ஊற்றினேன். பிலோ சொன்ன ஒன்றையும் விடவில்லை. ஆனாலும் புளிப்பு நின்றது. சதையும் கறுப்பு. பின்தொடைக்குள் அதே மாதிரி ஒரு குண்டு. போய்ச் சைக்கிள் சில்லைப் பார்த்தேன். சில்லின் நடுக் குடத்துக்குள் ஒரு குண்டும் இல்லை.

கையில் வைத்துக் காட்டினேன். "இது என்ன துவக்கு?"

"உமக்கேன் அது?"

"மரத்திலை கட்டி விட்டிருக்கிறியளோ?"

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். "கச்சான் முற்ற இன்னும் கொஞ்ச நாள்தான் கிடக்கு. அதுக்குப் பிறகு கழட்டிப்போடுவன். அந்தத் தடத்தாலை மனிசர் ஒருத்தரும் போறதில்லை."

பின்னேரம் வேலியடிக்குப் போனேன். செபமாலை நாய்க்கு உண்ணி எடுத்துக்கொண்டிருந்தான். "என்னக்கா?" என்றான். தடத்தில் நூல் கட்டியிருக்கிறது, முழங்கால் உயரத்தில் குழாய் கட்டியிருக்கிறது, அந்தப் பக்கம் தப்பித் தவறியும் போகாதே என்று சொல்லத்தான் போனேன். கட்டுத்துவக்கு வைத்தால் பிடித்து மறியலில் போடுவார்கள் என்று எல்லோருக்கும் தெரியும்.

"எப்பன் கறிவேப்பிலை வேணும்" என்றேன்.

கை நிறையப் பிடுங்கித் தந்தான்.

தை 22, சனி

நாளைக்குக் கட்டாயம் சொல்லிவிட வேண்டும்.

தை 23, ஞாயிறு

விடியும்போது வெடிச் சத்தம். பிறகு நாய்கள். கொஞ்சத்தில் ஒரு நாய் மட்டும் வாயெல்லாம் இரத்தமாகப் பிலோவின் முற்றத்துக்கு வந்து நின்று ஊளையிட்டது.

முதலில் ஓடியவர் இவர்தான். நான் போனபோது செபமாலையைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார். தன் சாரத்தைக் கிழித்து அவன் தொடையை இறுக்கிக் கட்டியிருந்தார். முழங்காலுக்குக் கீழே பார்க்க முடியவில்லை. செபமாலை சத்தம் போடவில்லை. பல்லைக் கடித்தபடி, "ஆனை இல்லை அண்ணை, ஆனை இல்லை" என்று சொல்லிக்கொண்டே வந்தான்.

உழவு மெஷின் பெட்டியில் வைக்கோல் பரப்பி ஏற்றினார்கள். பிலோ அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"உங்கட கச்சானுக்கை பண்டி இறங்கினதைக் கண்டுதான் ஓடினவர் அக்கா. கலைச்சுவிடத்தான் ஓடினவர்."

மெஷின் போன பிறகு இவரைக் காணவில்லை. வெகுநேரம் கழித்து வந்தார். கையெல்லாம் சேறு. கிணற்றடியில் கழுவிக்கொண்டு நின்றார், நின்றார், நின்றுகொண்டே இருந்தார்.

தை 24, திங்கள்

ஊர் விதானையாரோடு பொலிஸ் வந்தது. தடத்தில் ஒன்றும் கிடைக்கவில்லை. எங்கள் காணியில் கூலிக்கு நிற்கும் காளிமுத்துவின் குடிசைக் கூரைக்குள் ஒரு பழைய இடியன் துவக்கு கிடைத்தது. மலைநாட்டுத் தோட்டத்தில் பஞ்சத்தில் அடிபட்டு வந்த மனிதன், குரங்கு கலைக்க வைத்திருந்தான். "ஐயா, அது வெடிச்சே ரொம்ப காலமாச்சுங்க, நீங்களே பாருங்க" என்று கும்பிட்டான். கையைப் பின்னால் கட்டி ஏற்றினார்கள். அவன் மனுசி மெஷின் பாதை வரைக்கும் பின்னால் ஓடினாள்.

"தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ" என்றார் இவர், பொலிஸ்காரர்களைப் பார்த்து. நான்தான் ஊற்றினேன். சீனி போட்டேனா என்று இப்போது ஞாபகம் இல்லை.

தை 25, செவ்வாய்

எங்கள் பரணில் காயப் போட்டிருந்த மிச்ச இறைச்சியை எல்லாம் அள்ளிக் கொண்டுபோய் வாய்க்கால் கரையில் புதைத்தேன். அடுப்படியைச் சாணி போட்டு மெழுகினேன். சட்டியைச் சாம்பல் போட்டுத் தேய்த்தேன். கை எரியும் வரைக்கும் தேய்த்தேன். மத்தியானம் இவர் வந்து குந்தினார்.

"காளிமுத்துவை விடச் சொல்லுங்கோ."

"கச்சான் பிடுங்கட்டும். அதுக்குப் பிறகு நானே போய்ச் சொல்லுறன். அதுக்குள்ளை அவன் செத்துப்போக மாட்டான்."

"அவன்ரை பெண்சாதி பிள்ளையள் நேற்றிலிருந்து என்ன திண்டுதுகள்?"

"நாங்கள் அரிசி குடுப்பம்."

"செபமாலைக்கு என்ன குடுப்பம்?"

அவர் எழும்பினார். அதுவரைக்கும் சொல்லாமல் வைத்திருந்ததை அப்போதுதான் சொன்னேன், எனக்கு மூன்றாவது மாதம் என்று. அவர் திரும்ப இருந்தார். முகம் ஒரு கணம் மலர்ந்து, அந்த இடத்திலேயே சுருங்கியது. கண் கலங்கிவிட்டது.

"அப்ப நான் எப்பிடிப் போறது யோகம்? நீரே சொல்லும். உம்மை இந்தக் காட்டுக்கை விட்டிட்டு எப்பிடிப் போறது?"

பிள்ளையைச் சொன்னால் போவார் என்று நினைத்திருந்தேன். அவர் அதையே போகாமல் இருக்கக் காரணமாக எடுத்துக்கொண்டார். 

"அப்ப நான் போறன்" என்றேன்.

தை 26, புதன்

விடிந்ததும் சேலையை மாற்றிக்கொண்டு இறங்கினேன். விதானையார் வீடு குளக்கட்டுக்கு அங்கால். இவர் கூப்பிடவும் இல்லை, மறிக்கவும் இல்லை. அரைவாசிக் குளக்கட்டில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு இருந்துவிட்டேன். வலியில்லை, பயம். முந்தின இரண்டு தரமும் இப்படித் தூரம் நடந்த நாளில்தான் வலி தொடங்கியது.

பின்னால் ஓடி வருகிற சத்தம். மூச்சு வாங்கிக்கொண்டு என் முன்னால் குந்தினார்.

"வலிக்குதோ?"

"இல்லை."

"உண்மையாகவோ?"

"இல்லையெண்டு சொல்லுறன்."

தண்ணீரைப் பார்த்துக்கொண்டு இருந்தார். "செபமாலையைத் தூக்கேக்க அவன் ஆனை இல்லை ஆனை இல்லையெண்டு சொன்னான்" என்றார். "என்னைத்தான் சொன்னவன். அவனுக்குத் தெரியும்." எழும்பினார். "நீர் வீட்டை போம். நான் போறன்."

"நானும் வாறன்."

"வேண்டாம். நீர் வந்தா நான் உம்மட முகத்தைப் பாத்திட்டுத் திரும்பிடுவன்."

தனியாகப் போனார். விதானையார் வீட்டுப் படலை திறப்பதைக் கண்ட பிறகுதான் திரும்பினேன். பின்னேரம் பொலிஸ் வந்து, அவர் சொல்லி அனுப்பிய இடத்தில், வாய்க்கால் சேற்றுக்குள்ளிருந்து அந்தக் குழாயைக் கிளறி எடுத்துக்கொண்டு போனது.

தை 29, சனி

காளிமுத்து வந்துவிட்டான். கச்சான் பிடுங்க வரட்டுமா என்று கேட்டான். அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "உள்ள அடிச்சாங்களா?" என்று அவனுடைய பாஷையிலேயே கேட்டுவிட்டேன். "அதை விடுங்கம்மா. காயப்போட சாக்கு இருக்குதுங்களா?" என்றான்.

மாசி 3, வியாழன்

செபமாலையின் காலை முழங்காலோடு எடுத்துவிட்டார்களாம். மெஷின்காரன் சொன்னான். பிலோ ஆஸ்பத்திரியிலேயே நிற்கிறாள். அவளுடைய கோழிகளுக்கும் நாய்களுக்கும் நான்தான் தீன் வைக்கிறேன். நாய்கள் என் கையை நக்குகின்றன.

மாசி 8, செவ்வாய்

மறியலில் இவரைப் பார்த்தேன். மெலிந்துபோனார். கம்பிக்கு அங்கால் நின்று, "செபமாலைக்குப் புண் ஆறுதோ?" என்று கேட்டார். கச்சானைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. நானும் பன்றி மிச்சம் விட்டது எவ்வளவு என்று சொல்லவில்லை. வழக்கு முடிய ஒரு வருஷமாவது உள்ளே இருக்க வேண்டி வருமாம். "நீர் ஊருக்குப் போம்" என்றார். போக மாட்டேன் என்றேன். ஏன் போக மாட்டேன் என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை.

மாசி 15, செவ்வாய்

செபமாலையைக் கொண்டுவந்துவிட்டார்கள். வேலிக்கு அங்கால் அவன் இருமுவது கேட்கிறது. போகவில்லை. என்ன சொல்லிக்கொண்டு போவது? வேலியடி வரைக்கும் போவதும் வருவதுமாக ஒரு நாள் முடிந்தது.

மாசி 17, வியாழன்

கோழி அடித்து, மிளகு போட்டு ரசம் வைத்துக் கொண்டுபோனேன். பிலோ வாசலில் நின்றாள். வாங்கவும் இல்லை, போகச் சொல்லவும் இல்லை. உள்ளேயிருந்து செபமாலையின் சத்தம் வந்தது: "ஆர், யோகமக்காவோ? அண்ணைக்கு உள்ளை சாப்பாடு ஒழுங்கோ?"

பிலோ உள்ளே திரும்பிக் கத்தினாள். "நீங்கள் வாயை மூடிக்கொண்டு கிடங்கோ!" பிறகு என் கையிலிருந்த சட்டியை வாங்கி, முற்றத்து மண்ணில் அப்படியே கவிழ்த்தாள். நாய்கள் ஓடி வந்தன. வெறும் சட்டியை என்னிடம் நீட்டினாள். 

"உங்களுக்குத் தெரியும்" என்றாள். "அண்டைக்குக் கறிவேப்பிலைக்கு வரேக்கையே உங்களுக்குத் தெரியும்."

"ஓம்" என்றேன்.

மாசி 18, வெள்ளி

எழுத ஒன்றும் இல்லை.

மாசி 23, புதன்

மத்தியானம் பிலோ வந்தாள். படலையைத் திறந்து உள்ளே வந்து, திண்ணைக் குந்தில் இருக்காமல் முற்றத்திலேயே நின்றாள். நான் சாக்கில் கச்சான் பரப்பிக்கொண்டிருந்தேன். எழும்பப் போனேன். "இருங்கோ" என்றாள். கிணற்றடியைப் பார்த்துக்கொண்டு பேசினாள்.

"தில்லையண்ணை வெளியிலை வந்த பிறகு நான் இந்தப் படலை திறக்கமாட்டன். செத்தாலும் திறக்கமாட்டன். என்ரை மனுசன் மன்னிச்சா மன்னிக்கட்டும், கால் அவரின்ரை கால். எனக்கு ஏலாது."

நான் தலையாட்டினேன்.

"ஆனா அதுக்கு முன்னம் உங்களுக்குப் பிறந்திடும். பிறக்கேக்க உங்களுக்கு ஆர் இருக்கினம்?"

"ஒருத்தரும் இல்லை."

"வயித்து நோ கண்டவுடனை கூப்பிடுங்கோ. வேலியடியிலை நிண்டு ஒரு சத்தம் வையுங்கோ, வருவன்." படலை வரைக்கும் போய்த் திரும்பினாள். "தண்ணி கனக்கத் தூக்காதேங்கோ. காளிமுத்தன்ரை மனுசியைத் தூக்கச் சொல்லுங்கோ."

போகும்போது படலையை அடித்துச் சாத்தினாள். கீழே சரிந்த கச்சானை அள்ளி மறுபடியும் சாக்கில் போட்டேன். பிறகு உள்ளே போய்ச் சோறு போட்டு, கன நாளைக்குப் பிறகு, வயிறு நிறையச் சாப்பிட்டேன்.